அப்டேட்டுக்குப் பின் தகராறா? பார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்!

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் சத்தம் வரவில்லை, பிரிண்டர் வேலை செய்யவில்லை, கம்ப்யூட்டர் ஆமை போல நகர்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பவை இவைதான். ஆனால் கேள்வியோடு பதிலையும் அவர்களே கொண்டு வந்துவிடுகிறார்கள். "சர்வீஸ் தம்பி பார்மட் பண்ணணும்னு சொல்றார் சார், பண்ணிடலாமா?"

வேண்டாம் என்பதே என் பதில். பத்தில் ஒன்பது தடவை அந்தப் பதிலைத்தான் சொல்கிறேன். பார்மட் என்பது நம் ஊரில் காய்ச்சல், தலைவலி, சுளுக்கு அனைத்திற்கும் கொடுக்கப்படும் ஒரே மாத்திரையாகிவிட்டது. அப்டேட்டால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை சில கிளிக்குகளில் சரியாகக் கூடியவை. பார்மட் செய்தால் போவதோ, பல ஆண்டுகளாக நீங்கள் சேர்த்து வைத்தவை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அப்டேட் முடிந்ததும் அவர் கம்ப்யூட்டரில் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் கொடுத்தார். "சி டிரைவை மட்டும்தான் பார்மட் பண்றோம், டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் நிம்மதியாகச் சரி என்றுவிட்டார். மகள் திருமணப் படங்கள் முழுவதும் டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது திரையில் தெரிவதால் அது எங்கோ தனியாக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே, நீங்களாக மாற்றியிருந்தாலொழிய, சி டிரைவில் யூசர்ஸ் என்னும் போல்டருக்குள்தான் இருக்கின்றன. சத்தம் திரும்ப வந்தது. படங்கள் வரவில்லை.

அந்தச் சத்தம் ஏன் நின்றது தெரியுமா? அவருடைய மானிட்டர் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைக்கப்பட்டது. அப்டேட்டில் டிஸ்பிளே டிரைவர் மாறும்போது சில நேரங்களில் விண்டோஸ் ஒலியை ஸ்பீக்கருக்குப் பதில் மானிட்டருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. திரையின் கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்து, ஒலி எந்தச் சாதனத்திற்குப் போகிறது என்று பார்த்து, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பார்மட் செய்ய ஒன்றரை மணி நேரம் போதும். அதிலும் பாதி நேரம் கம்ப்யூட்டர் தானே ஓடிக் கொண்டிருக்கும். காரணத்தைத் தேடப் போனால் அரை நாள் ஆகலாம். அரை நாளுக்கு உரிய கூலியைக் கேட்டால் நாம் கொடுப்போமா? "ஒரு கிளிக் பண்ணினதுக்கா இவ்வளவு?" என்றுதான் கேட்போம். எனவே எந்த நோய்க்கும் அவர் ஒரே மருந்தைக் கொடுக்கிறார்.

பைல்கள் காணாமல் போனது போலத் தோன்றும்போதுதான் பார்மட் மிகவும் ஆபத்தானது. 2020 பிப்ரவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 4532693 என்ற அப்டேட்டிற்குப் பின், பலருடைய டெஸ்க்டாப் துடைத்து வைத்தது போல் காலியாகிவிட்டது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் போல ஸ்டார்ட் மெனுவும் மாறிவிட்டது. உண்மையில் பைல்கள் எங்கும் போகவில்லை. விண்டோஸ் அவர்களை ஒரு தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டுவிட்டு, பழைய போல்டரின் பெயரோடு வேறு எழுத்துக்களைச் சேர்த்து ஓரமாக வைத்திருந்தது. சிலருக்குச் சில முறை ரீஸ்டார்ட் செய்ததிலேயே எல்லாம் திரும்பி வந்தது. சிலர் அந்த அப்டேட்டை நீக்கியதும் சரியானது. "எல்லாம் போச்சு, இனி பார்மட் பண்ணினா என்ன?" என்று முடிவு செய்தவர்கள்தான் நிஜமாகவே இழந்திருப்பார்கள்.

அப்டேட் பைல்களை உண்மையிலேயே அழித்த கதையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 2ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 பதிப்பு 1809, சிலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களில் இருந்தவற்றை நீக்கிவிட்டது. மைக்ரோசாப்ட் சில நாட்களிலேயே அதனை நிறுத்தி வைத்து, நவம்பர் 13ஆம் தேதிதான் மறுபடியும் வெளியிட்டது. அப்போதும் பைல்களை இழந்தவர்களுக்கு அந்நிறுவனம் சொன்னது, கம்ப்யூட்டரை முடிந்தவரை பயன்படுத்தாமல் வைத்திருங்கள் என்பதுதான். அழிந்த பைலின் மீது புதிதாக எதுவும் எழுதப்படாத வரைதான் அதனை மீட்க வாய்ப்பு இருக்கிறது. பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் பதிந்தால் அந்த வாய்ப்பின் மேல் மண்ணைப் போட்டு மூடியது போலத்தான்.

சரி, தகராறு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது வேறு, ரீஸ்டார்ட் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பாஸ்ட் ஸ்டார்ட் அப் என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் செய்தால், விண்டோஸின் அடித்தளப் பகுதி முழுமையாக மூடப்படாமல் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே பதிந்து வைக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுப்பப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் என்பதனையே கிளிக் செய்திடுங்கள். ஒன்றுக்கு இரண்டு முறை. மெதுவாக இயங்குவதுதான் குறை என்றால், ஒரு நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டிற்குப் பின் விண்டோஸ் பைல்களை மறுபடி பட்டியலிடும். அதற்குச் சில மணி நேரம் ஆகும்.

அடுத்து, குற்றவாளி அப்டேட்தானா என்று பாருங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்திருக்கும். அப்டேட் ஆயிரக்கணக்கான பைல்களைப் படித்து எழுதும்போது அது வெளிச்சத்திற்கு வந்திருக்கும். இதனைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே ஓர் அருமையான வசதி விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. பயன்படுத்துவோர்தான் மிகக் குறைவு. ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற வரி கிடைக்கும். அதில் கிளிக் செய்திட்டால், நாள் வாரியாக ஒரு வரைபடம் விரியும். எந்த நாளில் எந்த அப்டேட் வந்தது, எந்தப் புரோகிராம் சேர்க்கப்பட்டது, எது எப்போது முடங்கியது என்று அனைத்தும் தேதியோடு இருக்கும். ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் தொங்குமே, அந்த அட்டை போல. சிவப்பு அடையாளங்கள் அப்டேட்டிற்கு முன்பே தொடங்கியிருந்தால், அப்டேட் நிரபராதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யாரிடமாவது கம்ப்யூட்டரைக் கொடுப்பதாக இருந்தாலும், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.

அப்டேட்தான் காரணம் என்று தெரிந்தால் அதனை மட்டும் நீக்கலாம். செட்டிங்ஸ் சென்று விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி, அதன் கீழே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் எனச் செல்ல வேண்டும். ஒரே ஒரு சாதனம்தான் தகராறு என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பெயரில் இரட்டைக் கிளிக் செய்து, டிரைவர் டேபில் ரோல் பேக் டிரைவர் என்பதனைப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி சென்று கோ பேக் கொடுத்துப் பழைய பதிப்பிற்கே திரும்பலாம். இதற்கு வழக்கமாகப் பத்து நாட்கள்தான் தவணை. பழைய பதிப்பு சி டிரைவில் விண்டோஸ் ஓல்ட் என்ற போல்டரில் காத்திருக்கும். இடத்தை அடைக்கிறதே என்று யாராவது கிளீனர் புரோகிராமை ஓடவிட்டு அதனை நீக்கினால், திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

விண்டோஸே திறக்கவில்லையா? ஓரிரு முறை தொடங்க முடியாமல் போனால் அதுவே சரி செய்யும் திரைக்குப் போகும். அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட், இந்தச் சரி செய்யும் திரையில் யு.எஸ்.பி. கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது. தீயணைப்பு வண்டியே தீப்பிடித்த கதை! ஆறு நாட்களில், 20ஆம் தேதி, திருத்தம் வந்தது.

அதே திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தால், அங்கேதான் பலருக்குக் கண்ணீர் வருகிறது. அது பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொண்டு தொடங்கும்போதே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. உங்களிடம் கேட்டுக் கொண்டிருப்பதில்லை. 2024 ஜூலையில் வந்த அப்டேட் சில கம்ப்யூட்டர்களை இந்த நீலப் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தியது. எண் இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் உள்ளதை எந்தக் கடைக்காரராலும், ஏன், மைக்ரோசாப்ட்டாலும் திறக்க முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டிலேயே பதிந்திருக்கும். மொபைல் போனிலிருந்து அதே அக்கவுண்ட்டில் நுழைந்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் இன்றைக்கே அதனைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தொடங்கிக் கொடுத்தபோது அவருடைய மெயில் முகவரியைப் பயன்படுத்தியிருந்தால் சாவி அவரிடம் இருக்கிறது என்று பொருள். முதல் வேலையாக அதனை மாற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கென்றே இலவசப் புரோகிராம்களைப் போட்டுக் கொடுக்கும் நண்பர்களும் உண்டு. இதில் நான் கொஞ்சமும் இறங்கி வரத் தயாரில்லை. 2017 மே 12 அன்று வானாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவி, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் அதனைப் போடாமல் இருந்த கம்ப்யூட்டர்களும், ஆதரவு முடிந்து போன பழைய விண்டோஸ் ஓடிய கம்ப்யூட்டர்களும்தான் மாட்டிக் கொண்டன.

ஆனால் வந்த நிமிடமே போட வேண்டுமா என்றால், அதற்கும் அவசியமில்லை. மாதாந்திர அப்டேட், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. கோளாறான அப்டேட்டின் குட்டு பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே உடைந்துவிடும். 2021 மார்ச் 9 அன்று வந்த அப்டேட், பிரிண்ட் கொடுத்தவுடன் சிலருக்கு நீலத் திரையைக் காட்டியது. ஒரே வாரத்தில் திருத்தம் வந்தது. எனவே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் என்பதில் கிளிக் செய்து ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஐந்து வாரம் வரை தள்ள இடம் கொடுக்கிறார்கள். நான் ஒரு வாரத்திற்கு மேல் தள்ள மாட்டேன். அந்த ஒரு வாரத்திலும் அபாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சில ஓட்டைகள் அப்டேட் வருமுன்பே திருடர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆபத்தான ஓட்டை என்று செய்திகளில் அடிபட்டால் அன்றே போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் பிரிவியூ என்ற பெயரில் வரும் அப்டேட்களைத் தொடவே வேண்டாம். அவை சோதனைச் சமையல். நாம் ஏன் முதல் பந்தியில் உட்கார வேண்டும்? பாஸ் முடிந்து அப்டேட் ஓடும்போது கரண்ட் போகும் நேரமாக இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி வையுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அப்டேட் வரவில்லையே, தொல்லை விட்டது என்று நிம்மதியடைவது கதவில் பூட்டு இல்லாததால் சாவி தொலையாது என்பது போன்றது.

பார்மட் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலை எப்போதாவது வரத்தான் செய்யும். அப்போதும் முதலில் செட்டிங்ஸில், ரெக்கவரி பிரிவில் ரீசெட் திஸ் பிசி என்பதில் கீப் மை பைல்ஸ் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சேர்த்த புரோகிராம்கள் போகும், சொந்த பைல்கள் தங்கும். அதற்கும் முன்பாக யூசர்ஸ் போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து, காப்பி செய்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கணக்கு எழுதும் புரோகிராம்கள் சில தங்கள் டேட்டாவை டாக்குமெண்ட்ஸில் வைக்காமல் வேறு போல்டரில் வைத்திருக்கும்; அதையும் கேட்டுத் தெரிந்து எடுத்துக் கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் டைப் செய்த கடிதங்கள் உங்களிடம் இருந்தால், விண்டோஸ் போல்டருக்குள் உள்ள பாண்ட்ஸ் போல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களையும் காப்பி செய்திடுங்கள். அவை இல்லாமல் அந்தப் பைல்களைத் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு பைல் கெட்டுவிட்டது என்று அழித்தவர்களையும் எனக்குத் தெரியும்.