நிரம்பாத தொட்டி

"இருபது வருஷமாச்சு, எங்க வீட்டு செப்டிக் டேங்க்கை ஒரு தடவைகூட எடுத்ததில்ல." வீடு கட்டுகிறவருக்கு யோசனை சொல்ல வரும் உறவினர்களில் யாராவது ஒருவர் இதைப் பெருமையாகச் சொல்லாமல் போவதில்லை. கேட்டவரும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, பெரிதாக, ஆழமாக, அடியில் பூசாமல் விடச் சொல்கிறார். நிரம்பாத தொட்டிதான் நல்ல தொட்டி என்ற இந்த நம்பிக்கை, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமின்றி தமிழ்நாடு முழுக்க வேரூன்றிக் கிடக்கிறது. நம் நிலத்தடி நீருக்கு இவ்வளவு கேடு செய்த நம்பிக்கை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு குடும்பம் இருபது ஆண்டு கழித்த கழிவு எங்கே போயிற்று?

செப்டிக் டேங்க் என்பது அடியும் சுவரும் பூசி, நீர் கசியாமல் கட்டவேண்டிய தொட்டி. நடுவே ஒரு தடுப்புச் சுவர். கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்கும். இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகும். கசடில் ஒரு பகுதி செரித்துப் போகும், மிச்சம் தங்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அதை எடுத்தாக வேண்டும். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் கசடு சேர்ந்தே தீரும். நம் ஊரில் நடப்பதோ வேறு. சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை வெறும் மண்ணாக விட்டு, மேலே மூடி போட்டுவிட்டு அதையும் செப்டிக் டேங்க் என்கிறோம். அது நிரம்பவில்லையென்றால் பூமிக்குள் ஒழுகுகிறது என்று பொருள்.

"மண்ணு வடிகட்டிடும்" என்பார்கள். குழிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே போதிய அளவு காய்ந்த மண் இருந்தால் ஓரளவு வடிகட்டும், உண்மைதான். ஐப்பசி மழையில் நீர்மட்டம் குழியின் அடியைத் தொடும்போது எந்த மண் வடிகட்டும்? தமிழ்நாட்டின் பெரும்பகுதி பாறை நிலம். பாறை வெடிப்பில் இறங்கும் நீருக்கு வடிகட்டி ஏது? முந்நூறு அடி போர் போட்டவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. பாறை தொடும்வரைதான் கேசிங் பைப். அதைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்காமல் விட்டால் மேல்நீர் அதன் வழியாகவே உள்ளே இறங்கும்.

ஒரு மனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 15 மீட்டர், ஏறக்குறைய 50 அடி இடைவெளி வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலைக்கும் அதற்கு நேரெதிர் மூலைக்கும் உள்ள தூரமே 50 அடிதான். நாமோ வாஸ்துப்படி போரை ஈசானி மூலையிலும் தொட்டியை வாயு மூலையிலும் வைக்கிறோம். என் வாயு மூலையும் மேற்கு வீட்டுக்காரரின் ஈசானி மூலையும் ஒரே காம்பவுண்டு சுவரின் இரு பக்கங்கள்! தெருவே வாஸ்து பார்த்தால், அவரவர் தொட்டி அடுத்தவர் போருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்பது அடுத்த சமாதானம். 1854இல் லண்டன் பிராட் தெருவிலும் அதைச் சுற்றியும் காலராவுக்கு 600க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தத் தெருப் பம்புத் தண்ணீர் ருசிக்குப் பேர்போனது. மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து மூன்றடிகூட இல்லாத தூரத்தில் ஒரு வீட்டு மலக்குழி இருந்தது. அதன் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது. காலராக் கிருமியையாவது கொதிக்க வைத்துக் கொல்லலாம். கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்திய வரம்பு. அளவு மீறிய நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், பச்சிளங்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்.

இந்தப் பெருமைக்கு உயிரை விலையாகக் கொடுப்பவர் இன்னொருவரும் உண்டு. இருபது ஆண்டு தொடாத கசடு இறுகிப்போகும். லாரியின் குழாய் அதை உறிஞ்சாது. அப்போதுதான் ஒரு மனிதரை உள்ளே இறங்கச் சொல்கிறார்கள். விஷவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போனவரும் சாய்வார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. இருந்தும் சாவு நிற்கவில்லை. சாகிறவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தொட்டியைத் திறக்கக் கூசும் நம் அருவருப்பில் அந்தச் சாதிப் புத்தியும் கலந்திருக்கிறது.

நீர்மட்டம் ஆழமாக உள்ள கிராமங்களுக்கு இரட்டைக் குழிக் கழிவறை நல்ல ஏற்பாடு. ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டால், மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டுகளில் நாற்றமில்லாத உரமாகிவிடும். சின்னக் குழி சீக்கிரம் நிரம்பிவிடுமே என்று நம் மக்கள் அதையும் ஒதுக்குகிறார்கள்.

வீடு கட்டுகிறவர்கள் தொட்டியின் அடியைப் பூசச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டிய தொட்டி பல ஆண்டாக நிரம்பவில்லையென்றால், கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். மூன்று ஆண்டுக்கொருமுறை கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். ஏற்றியதை எங்கே கொண்டுபோகிறார் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இல்லை, ஏரிக்கரைக்குத்தான் என்றால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.