“நீங்க என்ன ஆளுங்க?”: வாடகை வீட்டு வாசலில் நிற்கும் தீண்டாமை

“நீங்க என்ன ஆளுங்க?”

சேலம், நாமக்கல் பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். “சொந்த ஊரு எதுங்க சார்?” “அங்க எந்தப் பக்கம், ஊருக்குள்ளயா?” “குலசாமி கோயில் எங்க இருக்குது?” “பொண்ணு எடுத்தது எந்த ஊர்ல?” நாலு கேள்விக்குள் சாதி வெளியே வந்துவிடும். வந்தபின், “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன், போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க” என்பார்கள். போன் வராது. நாமே கூப்பிட்டால், “சொந்தக்காரங்க வர்றேன்னு சொல்லிட்டாங்க” என்று பதில் வரும். டூ-லெட் போர்டு மட்டும் அடுத்த மாதமும் அதே கேட்டில் தொங்கும்.

இதில் எவரும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. எனவே இது வன்கொடுமைக் கணக்கில் வராது, செய்தியிலும் வராது. “வீட்டுக்காரரின் விருப்பம்” என்று எல்லோரும் கடந்து போகிறோம். அது விருப்பம் அல்ல, தீண்டாமைக் குற்றம். அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் நம் கையில் 1955 முதல் இருக்கிறது.

பனமரத்துப்பட்டியில் நகரும் கோடு

சேலம் மாநகருக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த ஏரியும், அரளித் தோட்டங்களும்தான் பனமரத்துப்பட்டியின் அடையாளம். இன்று சேலத்தின் தெற்கு விளிம்பில் இருக்கும் எல்லா ஊர்களையும் போல இந்தப் பேரூராட்சியும் மாறி வருகிறது. சீலநாயக்கன்பட்டியைத் தாண்டினால் விவசாய நிலம் வீட்டு மனையாகிறது. மனை வாங்கியவர் கீழே தான் குடியிருந்துகொண்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டுகிறார். கொஞ்சம் வசதி உள்ளவர் வரிசையாக லைன் வீடு போடுகிறார். ஒன்றிய அலுவலகத்துக்கு மாற்றலாகி வருகிற ஊழியர், அரசுப் பள்ளிக்கு வருகிற ஆசிரியர், சுகாதார நிலையத்துச் செவிலியர், சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வாடகை கட்ட முடியாதவர் எனப் பலரும் இந்த வீடுகளைத் தேடி வருகிறார்கள்.

பழைய கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நடுவில் ஒரு வாய்க்காலோ, வண்டிப்பாதையோ, நாலு வயலோ இருக்கும். புதிய மனைப் பிரிவில் அந்த வாய்க்கால் இல்லை. பணம் இருந்தால் யாரும் குடிவரலாம் என்பது போலத்தான் அதன் வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் அழிந்த கோட்டை வீட்டுக்காரரின் கேள்வி மறுபடி வரைகிறது. “காலனி” என்ற சொல் இனி அரசு ஆவணங்களில் இருக்காது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் ஆவணத்திலிருந்து சொல்லை எடுத்துவிடலாம். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்று கேட்கும் வாயிலிருந்து அதை யார் எடுப்பது?

இந்தக் கேள்வி இத்தனை துணிச்சலாக வருவதற்குச் சந்தையும் ஒரு காரணம். வாடகை வீட்டுக்கு ஆள் கிடைக்காத ஊரில், சாதி பார்க்கிற வீட்டுக்காரர் பூட்டிய வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சாதி பார்ப்பதற்கு அங்கே ஒரு விலை உண்டு. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வந்து நிற்கிற ஊரில் அந்த விலை இல்லை. ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்தவர் அட்வான்ஸோடு வாசலில் நிற்கிறார். நகரம் வளர வளர, சந்தை வளர வளர, சாதி தானாகக் கரையும் என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. போட்டி கூடினால் சாதி பார்க்கிறவருக்கு நட்டமே இல்லை.

எண்களாக நிரூபிக்கப்பட்ட உண்மை

“இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா?” என்பவர்களுக்கு ஒரு ஆய்வைக் காட்டலாம். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நொய்டா, குர்கான், காசியாபாத், ஃபரிதாபாத் நகரங்களிலும் நடத்திய ஆய்வு 2015-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியானது. உயர்சாதி, தலித், முஸ்லிம் என அடையாளம் தெரியும் பெயர்களில், பிரிவுக்கு 493 பேர் வீதம் வாடகை வீடு கேட்டு போன் செய்தார்கள். உயர்சாதிப் பெயர் சொன்ன ஒருவருக்குக்கூட மறுப்பு இல்லை. தலித்துகளில் சுமார் 18 விழுக்காட்டினரும், முஸ்லிம்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் போனிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நேரில் போனபோது மறுப்பு இன்னும் கூடியது: தலித்துகளுக்கு 44, முஸ்லிம்களுக்கு 61 விழுக்காடு.

அது வடநாடு, இது பெரியார் மண் என்று தப்பித்துக்கொள்ள முடியுமா? பெரியார் மண்ணில் நிலவும் முறை வேறு, அவ்வளவுதான். மயிலாப்பூரில் “பிராமின்ஸ் ஒன்லி” என்று எழுதி மாட்டுகிறவரைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் “பிராமணாள்” பலகையை அகற்றச் சொல்லிப் பெரியார் போராட்டம் அறிவித்தபோது, நூற்றுக்கணக்கான தொண்டர்கள் சிறை சென்றார்கள், பலகை இறங்கியது. ஆனால் சேலம் சமவெளியில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர் அல்லர். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கும் நம் வீட்டார்தான், நம் மாமன், சித்தப்பன்தான். அவர்கள் கேட்டில் பலகை எழுதப்படாமல் தொங்குகிறது. எழுதாத பலகையைத் தார் பூசி அழிக்க முடியாது என்பதுதான் அவர்களுக்கு வசதி.

“சைவம் மட்டும்” என்ற சாக்குகூட இங்கே செல்லாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் வீட்டுக்காரரும் நிற்கிறார், குடித்தனக்காரரும் நிற்கிறார். சமையலறையில் வித்தியாசம் காட்ட முடியாத இடத்தில், “எந்த ஊர், எந்தத் தெரு” என்று பிறப்பைத் தோண்டுகிறார்கள்.

மறைத்து வாழ்வது தீர்வல்ல

இந்தக் கேள்விக்கு அஞ்சி எத்தனை பேர் பொய் சொல்லிக் குடிபோகிறார்கள்! ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். அண்ணல் படத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. ஊரிலிருந்து அம்மா வந்தால், “பேச்சப் பாத்துப் பேசும்மா” என்று எச்சரிக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடக்கிறது. மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டே திருடனைப் போல ஒளிந்து வாழ்வது எவ்வளவு பெரிய அவமானம்!

அண்ணல் அம்பேத்கருக்கே இது நடந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917-ல் பரோடா அரசுப் பணிக்கு வந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் இல்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். 11-ஆம் நாள் காலை, ஒரு டஜன் பார்சிகள் தடிகளோடு வந்து சூழ்ந்தார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவர் இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பரும் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். காமாதி பாக் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு அண்ணல் இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

அந்த இந்து நண்பரின் பதிலைக் கவனியுங்கள். “எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, மத்த குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிருவாங்க” என்று இன்று பனமரத்துப்பட்டி வீட்டுக்காரர் சொல்வதும் அதே பதில்தான். பழியை அடுத்தவர் மேல் போட்டுவிட்டுத் தன் கையைத் துடைத்துக்கொள்வது.

சட்டம் என்ன சொல்கிறது?

“என் வீடு, என் இஷ்டம். யாருக்கு விடணும்னு சட்டம் சொல்லுமா?” என்கிறார்கள். சொல்கிறது.

குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று பிறந்து, 1976-ல் திருத்தி வலுவாக்கப்பட்டபோது இந்தப் பெயரைப் பெற்றது. அதன் 4-ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதற்கோ, வாங்குவதற்கோ, அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. 7-ஆம் பிரிவு, வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட மறுப்பதைப் புறக்கணிப்பின் வடிவங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது.

1955 சட்டத்தின் 12-ஆம் பிரிவை ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்ய வேண்டும். இந்தச் சட்டப்படி குற்றமாகும் செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் விஷயத்தில் நடந்தால், அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும். இல்லை என்றால் அதை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதாவது, “சாதிக்காகத்தான் மறுத்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்களே, அந்தச் சுமை சட்டப்படி நம்முடையது மட்டுமல்ல. வீடு கேட்டு வந்தவர் பட்டியல் சாதி என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவது எது? அவரே கேட்ட கேள்விதான். “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

ஓட்டைகளும் இருக்கின்றன. தீண்டாமையை மையமாக வைத்த இந்தச் சட்டத்தில், மதத்துக்காக வீடு மறுக்கப்படும் முஸ்லிமுக்கு வழி இல்லை. அரசமைப்பின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது, வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதில் வரும் “கடை” என்ற சொல்லைப் பரந்த பொருளில், விலை பேசிச் சேவை தரும் எதையும் உள்ளடக்கியதாகவே படிக்க வேண்டும் என்று அண்ணல் 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் விளக்கினார். ஆனால் 2005-ல் சொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே இடம் என்று சங்கம் விதி வைத்துக்கொள்வதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம், பதிவு, முன்பணம் என்று எல்லாம் பேசுகிறது. சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

என்ன செய்யலாம்?

ஒன்று, அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சாதி, மதம் கேட்பதும் அதன் பேரில் மறுப்பதும் தண்டனைக்குரியது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்ல வேண்டும். 1997-98-ல் பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம் வந்தபோது, ஊருக்கு 100 வீடு, அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று அரசே பங்கிட்டது. தான் கட்டித் தரும் வீட்டில் அடுத்தடுத்துக் குடிவைக்க முடிந்த அரசுக்கு, தன் சட்டப்படி பதிவாகும் வாடகை வீட்டில் ஒரு நிபந்தனை போட முடியாதா? இந்த வரி நல்ல மனமுள்ள வீட்டுக்காரருக்கும் துணை. “ஏன் அவங்கள குடிவெச்ச?” என்று ஊர் கேட்டால், “மறுத்தா கேஸ் ஆயிருமுங்க” என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டு, இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். மாவட்டந்தோறும் காவல்துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இருக்கிறது. வாடகைக்கு வீடு மறுத்ததற்காக 1955 சட்டத்தில் வழக்கு பதிந்ததாக நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? புகாரே கொடுக்காமல் சட்டம் செத்துவிட்டது என்று சொல்வதில் நியாயமில்லை.

மூன்று, இளைஞர்கள் உடனே தொடங்கக்கூடியது. தோரட் குழு செய்ததை நாமும் செய்வோம். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே அளவு குடும்பம் என்று சொல்லி, இருவேறு சாதித் தோழர்கள் ஒரே வீட்டை ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கேட்கட்டும். தேதி, நேரம், கேட்ட கேள்வி, சொன்ன பதில் என்று எழுதி வைப்போம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவில் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. சட்டம் வந்தும் கறுப்பினத்தவரிடம் “வீடு காலி இல்லை” என்று பொய் சொல்வது நிற்கவில்லை. அங்கே உரிமை அமைப்புகள் இப்படித்தான் இருவர் இருவராக ஆள் அனுப்பிப் பொய்யைப் பிடித்தன. அப்படிச் சோதிக்கப் போனவரும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீலநாயக்கன்பட்டியிலிருந்து பனமரத்துப்பட்டி வரை இருபது தோழர்கள் ஒரு மாதம் இதைச் செய்தால், “யாரு சாதி பாக்குறா?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான்கு, தலித் அல்லாத தோழர்களுக்கு. “என்ன ஆளுங்க?” என்று கேட்டால் சாதியைச் சொல்லி வீட்டை வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் பதில்தான் அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருக்கிறது. “வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, அத மட்டும் பேசுவோம்” என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு அது ஒரு வீடு கைவிட்டுப் போகும் இழப்பு, அவ்வளவுதான். பிறகு உங்கள் அப்பா கட்டிய மாடி போர்ஷனுக்கு வாருங்கள். அதில் இதுவரை யார் யார் குடியிருந்தார்கள், யார் யார் வந்து கேட்டுத் திரும்பிப் போனார்கள் என்று இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் கேளுங்கள். சாதி ஒழிப்பு அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தொடங்கட்டும்.