முக்காடு தடையன்று!

2027ஆம் ஆண்டின் ஆடவர் உலகக் கிண்ணக் கூடைப்பந்தாட்டப் போட்டியை நடத்தும் பொறுப்புக் கட்டார் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. நம் கரையோர ஊர்களின் இளைஞர் பலர் பிழைப்புத் தேடிச் சென்றுள்ள டோகா நகரிலே உலகின் தலைசிறந்த வீரர்கள் ஆடுவதற்கு ஏற்பாடாகியிருக்கின்றது. கூடைப்பந்தாட்டத்தில் தீராப் பற்றுடைய நமக்கு இஃது இனிக்கும் செய்தியே. எனினும், அதே கட்டார் நாட்டைப் பற்றி நாம் நினைவிற் கொள்ள வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. அது நம் பெண்மக்களோடு தொடர்புடையது.

2014 செப்டெம்பர் 24ஆம் நாள். தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. மொங்கோலியாவை எதிர்த்து ஆடக் கட்டார் நாட்டுப் பெண்கள் களத்துக்கு வந்தனர். முக்காட்டை நீக்கினாலன்றி ஆட இயலாது என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. நீக்க மறுத்து அவர்கள் வெளியேறினர். ஆடாமலே வெற்றி மொங்கோலியாவுக்குச் சென்றது. அதே விழாவில், படகோட்டப் போட்டியில் முக்காடணிந்த பெண்கள் தடையின்றிப் பங்குபற்றினர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அந்நாளில் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதி, தலையை மூடும் அணிகளைத் தடுத்து நின்றது. பிறருக்குக் காயம் விளையலாம் என்பதே கூறப்பட்ட காரணம். அவ்விதியால் வாடியவர்கள் முஸ்லிம் பெண்கள் மாத்திரமல்லர். அதே ஆண்டு ஜூலை மாதத்தில், சீனாவின் வூஹான் நகரில், இந்திய அணியின் சீக்கிய வீரர்களான அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் ஆகியோர் தம் தலைப்பாகையைக் களைந்த பின்னரே ஆட அனுமதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் பில்கிஸ் அப்துல் காதிர் என்னும் நங்கை, பாடசாலைக் காலத்திலேயே 3,070 புள்ளிகளைக் குவித்து மசாசூசெட்ஸ் மாநிலச் சாதனையை நிலைநாட்டியவர். பல்கலைக்கழகப் போட்டிகளின் முதற்பிரிவில் முக்காட்டோடு ஆடிய முதற்பெண் அவரே. தொழில்முறை ஆட்டத்துக்காகக் கடல் கடந்து செல்ல அவர் எண்ணியபோது இவ்விதி குறுக்கே வந்தது. விதி மாறுவதற்குள் அவருடைய ஆட்டப் பருவத்தின் சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன.

விதி மாறியது. 2017 மே மாதம் ஹொங்கொங் நகரில் கூடிய சம்மேளனம், அவ்வாண்டு ஒக்டோபர் முதலாம் நாள் தொடக்கம் முக்காட்டுக்கும் தலைப்பாகைக்கும் இடமளித்தது. கறுப்பு, வெள்ளை அல்லது அணியின் உடை நிறம் ஆகியவற்றுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். அணியினர் யாவருக்கும் ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். முகத்தை மறைத்தல் ஆகாது. ஊசி போன்று குத்துவன எவையும் வெளியே நீட்டி நிற்றல் ஆகாது. நிபந்தனைகள் இவ்வளவே. கைகளையும் கால்களையும் இறுகப் பற்றி மூடும் உறைகளுக்கும் விதிகள் இடந்தருகின்றன.

உலகம் முழுவதும் இவ்விரிந்த மனம் வந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. பிரெஞ்சுக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2022 டிசெம்பரில், தன் போட்டிகளில் சமய அடையாளமுடைய தலையணிகளுக்குத் தடை விதித்தது. பிரான்சின் இளையோர் அணியில் ஆடிப் பதக்கம் வென்ற டியாபா கொனாத்தே, அமெரிக்கப் பல்கலைக்கழகக் களத்தில் முக்காட்டோடு ஆடியவர். தன் தாய்நாட்டுக் களத்திலோ அவ்வாறு ஆட முடியாத நிலை அவருக்கு ஏற்பட்டது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பிரெஞ்சு வீராங்கனைகளுக்கு முக்காடு மறுக்கப்பட்டது. இஃது அநீதியென்று நாம் கண்டிக்கின்றோம்.

ஆனால், பாரிஸைக் கண்டித்துவிட்டுக் கல்முனையில் வாளாவிருத்தல் நேர்மையாகுமா? உலகச் சம்மேளனம் கதவைத் திறந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அக்கதவு வழியே நுழைந்த நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? பெண்கள் பிறர் பார்வையின்றி ஓடியாடத்தக்க, மதில் சூழ்ந்த ஆடுகளம் நம் பாடசாலைகளுள் எத்தனையில் உண்டு? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

வழிகாட்ட ஆளில்லை என்று சொல்வதற்கும் இல்லை. வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் மட்டக்களப்பு இருக்கின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர், புனித மிக்கேல் கல்லூரியில் இவ்வாட்டத்தை வேரூன்றச் செய்தனர். வெபர் அடிகளாரின் பெயர் அந்நகர விளையாட்டரங்கில் இன்றும் நிலைத்திருக்கின்றது. பிள்ளைகளைப் பயிற்றி உருவாக்கிய ஹேபர்ட் அடிகளார், தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கண்ணீர் வடித்த 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காணாமற்போனார். அவர் மூட்டிய ஆட்டப் பற்று அவரோடு போய்விடவில்லை. கூடைப்பந்தின் தங்கையான வலைப்பந்தாட்டத்திலோ, யாழ்ப்பாணத்து மகளும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவியுமான தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்கே ஆசியக் கிண்ணத்தை வென்று கொடுத்த அணிகளில் முன்னின்றார். தமிழ் பேசும் பெண்ணால் முடியாதென்று இனி எவர் கூறுவார்?

பெண்களுக்குத் தனிக்களம் கேட்பது பிற்போக்கு என்று நகைப்போர் சிலர் உளர். அவர்கள் இவ்வாட்டத்தின் வரலாற்றைப் படித்தல் நன்று. 1891 டிசெம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தார். ஓராண்டு கழிவதற்கிடையில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, ஸ்மித் கல்லூரி மாணவியருக்கு அதனைக் கற்பிக்கத் தொடங்கினார். 1896 ஏப்ரிலில் ஸ்டான்போர்ட், கலிபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் சான்பிரான்சிஸ்கோவில் மோதினர். அந்த ஆட்டத்தைக் காண ஆண்களுக்கு அனுமதியில்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் சூழ்ந்திருந்து ஆரவாரித்தனர். பெண்களின் கூடைப்பந்தாட்டம் மூடிய மண்டபத்துக்குள்ளே பிறந்து, அங்கிருந்தே உலகெங்கும் வளர்ந்தது. அமெரிக்கப் பெண்ணுக்கு அன்று முன்னேற்றமாய் இருந்த மதிலும் கூரையும், கல்முனைப் பெண்ணுக்கு இன்று பிற்போக்காவது எங்ஙனம்?

மறுபுறத்தில், பெண்ணுக்கு ஆட்டம் எதற்கு என்று கேட்கும் பெரியோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை நாம் மதிக்கின்றோம். அவர்கள் கூற்றை ஏற்க இயலவில்லை. நபி பெருமானார் (ஸல்) தம் துணைவியார் ஆயிஷா நாயகியாருடன் ஓட்டப் போட்டி நிகழ்த்திய செய்தி ஹதீஸ் நூல்களிலே உள்ளது. படிப்புக் கெடும் என்ற அச்சமும் வேண்டாம். விளையாட்டிற் சிறந்து விளங்குவோருக்கு நம் பல்கலைக்கழகங்களில் சிறப்பு அனுமதி முறை உண்டு. அதனைப் பெறும் தகுதியை நம் பெண்பிள்ளைகள் எங்கே போய்த் தேடுவர்?

இனி, நிலத்தைப் பற்றிப் பேசுவோம். நிலத்தின் கணக்கு நம் உழவர்களுக்கு நன்கு தெரிந்த கணக்கு. முழு ஆடுகளம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்டது. 17 பேர்ச்சஸ் போதும், ஓர் ஏக்கரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் இயலாதெனின், மூவர் மூவராய் ஆடும் ஆட்டம் இருக்கின்றது. 15க்கு 11 மீற்றர், ஒரே கூடை, பத்து நிமிடம். 21 புள்ளிகளை முதலில் எட்டும் அணிக்கு அதற்கு முன்பே வெற்றி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான இவ்வாட்டத்தில், 2022ஆம் ஆண்டுப் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு இலங்கையும் பெண்கள் அணியை அனுப்பியது. இதற்கு வேண்டியது 7 பேர்ச்சஸ் நிலம். கரைவாகு வட்டையில் நெல் உலர்த்தும் சீமெந்துத் தளத்துக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, பிள்ளைகளின் உடல் உரம் பெற இவ்வளவு இடம் ஒதுக்க முடியாதா?

ஆதலின் நாம் வற்புறுத்துவன மூன்று. பெண்கள் பயிலும் பாடசாலை ஒவ்வொன்றிலும், ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதில் சூழ்ந்த ஒரு கூடைக் களமேனும் அமைதல் வேண்டும். பயிற்றுவிப்பவரும் நடுவரும் பெண்களாக இருக்கத்தக்கவாறு, நம் ஆசிரியைகளுக்கு அத்துறையிற் பயிற்சியளித்தல் வேண்டும். இதற்கு அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியும் ஒலுவில் பல்கலைக்கழகமும் முன்வருதல் நன்று. மூன்றாவதாக, கல்முனையின் தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் ஆண்டுதோறும் பெண்கள் மட்டுமே கூடும் அரங்கில் மோதுதல் வேண்டும். எல்லைக்கும் செயலகத்துக்கும் பெரியோர் வழக்காடட்டும்; பிள்ளைகள் பந்துக்காக மோதட்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்தால் தலைமுறை ஒன்று கடந்துவிடும். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, உங்கள் புதல்வியர் பயிலும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இதனை எழுப்புங்கள். உழவர் பெருமக்களே, மாரிப் போகத்து அறுவடை முடிந்து கை ஓயும் நாளில், ஒரு நாள் உழைப்பையும் சில மூடை சீமெந்தையும் அம்மதிலுக்குத் தாருங்கள். 2027இல் டோகாவில் ஆட்டம் தொடங்குமுன், கல்முனைக் கரையில் ஒரு பாடசாலையிலேனும் பெண்பிள்ளைகள் பந்தைக் கூடையிலிடும் ஓசை கேட்கட்டும்.