கடவுச்சொல் சரி, கதவுதான் திறக்கவில்லை



2022 மார்ச் கடைசி. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள். பெற்றோலும் இல்லை. அன்புவழிபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். எங்கள் கோவைகள் கொழும்பு அலுவலகத்துச் சேர்வரில் இருக்கின்றன. வெளியிலிருந்து அங்கே போக வி.பி.என். என்றொரு வழி உண்டு. பொது இணையத்துக்குள்ளேயே, மற்றவர் எட்டிப் பார்க்க முடியாதபடி மூடிய பாதை அது.

அன்றிரவு கரண்ட் வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். வி.பி.என். இணைந்தது. சேர்வர் மட்டும் என்னை ஏற்கவில்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டேனோ என்று பழையதை அடித்தேன், அதற்கும் முந்தியதை அடித்தேன். கடைசியில் கணக்கே பூட்டுப்பட்டது. மறுநாள் காலை அறிக்கை போகாவிட்டால் மூன்று குடும்பங்களின் உதவிப்பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

பக்கத்து வீட்டுத் தம்பி உதவிக்கு வந்தான். "அக்கா, பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ, என்ர கொம்பியூட்டரில போட்டுப் பாப்பம்." நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தச் சேர்வரில் இருப்பது உங்களைப் போன்றவர்கள் என்னை நம்பிச் சொன்னவை: காணாமற்போன கணவரின் விபரம், யார்மேல் முறைப்பாடு, இப்போது எந்த வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்பது. சொல்லவில்லை.

காலையில் அலுவலகத்தில் கணினி பார்க்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் கடவுச்சொல்லைக் கேட்கவேயில்லை. "உங்கட கணினியில இப்ப எத்தனை மணி?" என்றார். பார்த்தால் ஆறு மணித்தியாலம் பின்னுக்கு நின்றது! உள்ளே இருக்கும் சின்னப் பற்றறி செத்துவிட்டதாம். மின்வெட்டில் கணினி முழுதாக அணைந்ததும் மணிக்கூடும் நின்றுவிட்டது.

மணிக்கும் கடவுச்சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். பல அலுவலகச் சேர்வர்கள் கெர்பரோஸ் என்ற முறையில்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் உருவானது. நாம் அனுப்பும் அடையாளச் சீட்டில் நேரமும் பதிவாகிறது. யாராவது அதைத் திருடிப் பிறகு பாவிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேர்வர் மறுத்துவிடும். என் கடவுச்சொல் முதலிலிருந்தே சரிதான். பூட்டுப்பட்டது நான் பதறிப்போய் அடித்த பிழையான சொற்களால்.

வீட்டிலிருந்து இப்படி வேலை செய்யும் தோழியர் முதலில் எந்தக் கதவில் தடை என்று பாருங்கள். வி.பி.என்.னே இணையாவிட்டால் விடயம் வேறு. அது இணைந்தும் சேர்வர் மறுத்தால் திகதி, மணி, பெரிய எழுத்துப் பொத்தான், தமிழ் விசைப்பலகை ஆகியவற்றைப் பாருங்கள். அண்மையில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கணினி சேமித்து வைத்த பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கணக்கைப் பூட்டிவிடும், அதை அழித்துவிடுங்கள். இரண்டு தரம் பிழைத்தால் நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

பூட்டைத் திறந்து தந்தார்கள். பத்து மணிக்கு அறிக்கை போனது. புதுப் பற்றறி போடும்வரை ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் போனைப் பார்த்து மணியைத் திருத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.