எத்தனை பழையது என்பது மட்டுமா கேள்வி?

கீழடி, சிவகளை, ஆதிச்சநல்லூர் என்று ஏதாவது ஒரு பெயர் செய்தியில் வந்துவிட்டால், கேரளத்தில் வாழும் நமக்கும் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. 2025 ஜனவரியில், சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழக அரசு அறிவித்தபோது, தோப்பும்படி டீக்கடையில்கூட அதுதான் பேச்சு. மகிழ்ச்சியே. ஆனால் அந்த இரும்பு கத்தியா, உளியா, கோடரியா, அதைப் பிடித்தவர் எந்த வேலைக்குப் போனார் என்று கேட்டவர் எத்தனை பேர்? ஆண்டுக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டோம். கருவியைக் கேட்க மறந்துவிட்டோம்.

இது நம் குறை மட்டுமல்ல. அகழாய்வு அறிக்கைகளைப் புரட்டினால் மணிகளுக்கும் நாணயங்களுக்கும் பானை ஓட்டு எழுத்துகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். இரும்புக்கு வரும்போது பல இடங்களில் "அடையாளம் காண இயலாத இரும்புப் பொருள்" என்பதோடு கதை முடிந்துவிடும். அறிஞர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மண்ணுக்குள் இரும்பு துருவேறி உப்பிவிடும். மரப்பிடி மக்கிப் போகும். கூர் எது, காம்பு எது என்று தெரியாத ஒரு கட்டிதான் மிஞ்சும். அதிலும் கேரளத்தின் ஈர மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பட்டணம். வடக்கன் பரவூர் வழியாகப் போய்வரலாம். 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் குழு அங்கே தோண்டியதில், அயினி மரத்தைக் குடைந்து செய்த சுமார் 6 மீட்டர் நீளத் தோணி கிடைத்தது. ரோமானிய மதுச்சாடி ஓடுகள், கண்ணாடி மணிகள், தமிழ் பிராமியில் "அமண" என்று எழுதிய ஓடு எல்லாம் கிடைத்தன. இதுதான் முசிறியா இல்லையா என்று பெரிய வாதம் நடந்தது. நடக்கட்டும். அந்தத் தோணியைக் குடைந்தவர் கையில் வாச்சி இருந்ததா, வளைந்த உளி இருந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார் என்ற கேள்வி எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது. நம் ஊர் ஆசாரி ஒருவர் அருகில் நின்று வெட்டுத் தடத்தைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

தெற்கே சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியில், 2002-03இல் நிலத்துக்கு அடியிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மத்திய காலக் கப்பல் ஒன்று வெளிப்பட்டது. அதுவும் அயினி மரமே. இரும்பு ஆணி அடித்துக் கட்டியது. கப்பல் என்றால் பலகை இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்தாக வேண்டும். அதற்கான உளி வெட்டுவதற்கு அல்ல. அதன் வாய் மழுங்கித்தான் இருக்க வேண்டும். விவரம் அறியாதவர் கையில் அப்படி ஒன்று கிடைத்தால், தேய்ந்து போன உளி என்று எழுதி மூலையில் வைத்துவிடுவார். தட்டானின் கம்பியச்சும் இப்படித்தான். பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய்த் துளையிட்ட இரும்புத் தகடு அது. துருவில் துளைகள் அடைந்துவிட்டால் வெறும் பட்டைத் துண்டு. கள் இறக்குபவர் பாளையைத் தட்ட விலங்கின் எலும்பைப் பயன்படுத்துவதைக் கேரளத்தில் பலரும் பார்த்திருப்போம். தட்டித் தட்டி வழவழப்பாகிப்போன அந்த எலும்பு நூறு ஆண்டு கழித்துக் கிடைத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்களோ!

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் இதே சிக்கலை வேறுவிதமாக அணுகியிருக்கிறார்கள். அங்கே பீவர் என்ற விலங்கின் தோலுக்காக ஐரோப்பியர் பெரும் வாணிகம் நடத்தினர். 1670இல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி அதில் முதன்மையானது. தோலுக்கு மாற்றாகக் கோடரி, அரம், ஊசி, கத்தி எல்லாம் பழங்குடி மக்களிடம் போயின. பழைய வாணிகக் கோட்டைகளைத் தோண்டும்போது கிடைக்கும் கருவிகளை, கொல்லன் குத்திய முத்திரையைக் கொண்டும் கம்பெனியின் சரக்குப் பட்டியல்களைக் கொண்டும் இனம் காண்கிறார்கள். சில கத்திகளின் முதுகில் அரத்தின் பல் தெரியும். தேய்ந்த அரத்தை எறியாமல் அடித்து வளைத்து, தம்மை நோக்கி இழுத்துச் சீவும் கத்தியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வளைகத்தியைப் பிடிக்கத் தெரிந்த பழங்குடியினர் இருந்ததால்தான் இது விளங்கியது. பட்டியல் மட்டும் இருந்தால் அரம் வந்தது தெரியும். அரம் கத்தியானது தெரியாது.

அங்கே தோல் என்றால் இங்கே மிளகு. போர்த்துக்கீசியர் 1503இல் கொச்சியில் கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரர்கள் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த மண்ணுக்குள்ளும் அந்த வாணிகத்தின் கருவிகள் கிடக்கும். டச்சுக் கம்பெனியின் கொச்சிக் காகிதங்கள் பெருமளவில் இருப்பது எங்கே தெரியுமா? சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்! காகிதம் அங்கே, மண் இங்கே. மூன்றாவதாக வேண்டியது கை. அது நம்மிடம் இருக்கிறது.

ஃபோர்ட் கொச்சி வெளியில் துணி வெளுக்கும் நம் வண்ணார் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பொற்கொல்லர், செக்காட்டியவர், தச்சர் என்று தமிழ் பேசும் தொழிற்குடிகள் இந்த வட்டாரத்தில் பல தலைமுறையாக இருக்கிறார்கள். தமிழிலும் மலையாளத்திலும் கருவிப் பெயர்களை ஒருசேர அறிந்த பெரியவர்கள் இவர்கள். உளி இரண்டு மொழியிலும் உளிதான், வாச்சியும் அப்படியே. நாம் சிவபெருமான் கையில் மட்டும் பார்க்கும் மழு, மலையாளத்தில் இன்றும் விறகு வெட்டும் கோடரி. பழந்தமிழ்ச் சொல் ஒன்றுக்கு உரிய பொருளைப் பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகையில் பார்க்கலாம் என்பது சின்ன விஷயமா?

இந்தப் பெரியவர்களின் பெட்டிகளில் இருப்பவை எங்கே போகின்றன? பித்தளை என்றால் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு. இரும்பு என்றால் ஆக்ரிக் கடைக்கு, கிலோக் கணக்கில். கடையில் துருவலகமும் கரி இஸ்திரிப்பெட்டியும் மெருகேறி உட்கார்ந்திருக்கும். வாங்குகிற வெளிநாட்டவருக்கு அது வரவேற்பறை அலங்காரம். கடைக்காரரைப் பழிக்கவில்லை, விற்கிற நமக்கே அதன் பெயர் சொல்ல நேரமில்லை.

சங்கத்துக்கு இது எதற்கு, பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் போதாதா என்று சில அன்பர்கள் கேட்பார்கள். பட்டிமன்றம் அடுத்த ஆண்டும் நடத்தலாம். எண்பது வயதுத் தட்டாரிடம் அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியுமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. அருங்காட்சியகம் கட்ட வேண்டாம். நன்கொடைச் சீட்டும் வேண்டாம். இளைஞர்கள் நாலைந்து பேர், ஒரு நோட்டுப் புத்தகம், கைப்பேசியில் உள்ள கேமரா, இவ்வளவு போதும். வெளி, மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல், தோப்பும்படி என்று வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கருவிக்கும் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், எந்தக் கையில் பிடிப்பது, தள்ளுவதா இழுப்பதா, எந்த இடம் முதலில் தேயும், உடைந்தால் அதை என்னவாக மாற்றுவார்கள் என்று எழுத வேண்டும். தேய்மானத்தைக் கட்டாயம் கேளுங்கள். தோண்டி எடுப்பவருக்குக் கையில் கிடைப்பது தேய்ந்த கருவிதான். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது எதுவும் கிடைத்தால் சுரண்டாமல், எலுமிச்சை போட்டுத் தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோல் வைக்க மறக்க வேண்டாம்.