மாத்திரை வந்து சேரும் வழி



'அரசாங்கம் நமக்கு என்ன செய்தது?' என்று டீக்கடையில் கேட்பவரின் சட்டைப்பையிலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கிய சர்க்கரை மாத்திரை இருக்கும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மொத்தக் கொள்முதலால் விலை குறைகிறது. சோதனையால் தரம் காக்கப்படுகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கிடைக்கும் விளம்பரம் கிடங்குக் கணக்குக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கு சரியாக இருந்தாலும், மருந்தை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் பணியிடம் காலியாகக் கிடந்தால், மருந்து இருந்தும் நோயாளி காத்துக் கிடக்க வேண்டியதுதான். வாக்கு கேட்டு வருபவரிடம் புதுக் கட்டடம் கேட்கும் நாம், காலியிடங்களை எப்போது நிரப்புவீர்கள் என்றும் கேட்போம்.

– ஒரு வாசகர், தேனி