தாய்மார் மரணக் கணக்கில் ஒரு சொல் பிசகினால்

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2018–20 கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இது ‘மெட்டர்னல் மார்ட்டாலிட்டி ரேஷியோ’. அதே அறிக்கை ‘ரேட்’ என்று தருவது 6.0. பதினைந்திலிருந்து 49 வயது வரையுள்ள ஒரு லட்சம் பெண்களில் எத்தனை பேர் பேறுகாலத்தில் இறந்தார்கள் என்பது அது. ஆனால் நம் ஆங்கில நாளேடுகளிலும் ஆய்வேடுகளிலும் அரசுக் குறிப்புகளிலும் 97-க்கு ‘ரேட்’ என்று பெயர் சூட்டுவது பழக்கமாகிவிட்டது.

இதை வெறும் சொல் தவறு என்று தள்ளிவிட முடியாது. அந்த வயதில் பத்து லட்சம் பெண்கள் வாழும் ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 50,000 பிரசவம், 50 மரணம் என்று கொள்வோம். ரேஷியோ 100, ரேட் 5. சில ஆண்டுகளில் பிரசவம் 25,000 ஆகவும் மரணம் 25 ஆகவும் குறைகிறது. ரேட் பாதியாகிவிடும், ரேஷியோ அதே 100-இல் நிற்கும். அந்த மாவட்டத்துப் பிரசவ அறைக்குள் போகும் பெண்ணுக்கு உள்ள ஆபத்து இம்மியும் குறையவில்லை. பெண்கள் குறைவாகப் பெற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பெருமையை மருத்துவமனையின் கணக்கில் எழுதிவிடலாமா?

நாட்டின் உண்மைக் கணக்கிலேயே இந்த இடைவெளி தெரிகிறது. 2014–16-இல் 130 ஆக இருந்த ரேஷியோ 97-க்கு இறங்கியது. கால் பங்கு குறைவு. அதே காலத்தில் ரேட் 8.8-லிருந்து 6.0-க்கு வந்தது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், சாதனை பேச விரும்புகிறவர் தமக்கு வாய்ப்பான எண்ணை எடுத்துக்கொள்வார். கேள்வி கேட்க யாருக்கும் பிடி இருக்காது.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டின் சுருக்கமும் எம்.எம்.ஆர். என்றே அமைகிறது. சிசு மரணத்தை ஆயிரம் பிறப்புக்குக் கணக்கிட்டுவிட்டு அதை ‘ரேட்’ என்றே உலகம் அழைக்கிறது. அந்தப் பழக்கம் தாய்மார் கணக்குக்கும் தொற்றிக்கொண்டது. இருந்தும், 2030-க்குள் 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐ.நா. வளர்ச்சி இலக்கு சொல்வது ரேஷியோவைத்தான். அந்த 70-ஐ ரேட்டின் 6.0-உடன் ஒப்பிட்டால், இலக்கை என்றோ தாண்டிவிட்டோம் என்று பொருளாகிவிடும்.

செய்தி ஆசிரியர்கள் இன்றே ஒரு விதி செய்யவேண்டும்: எதற்கு எத்தனை என்ற அடித்தொகை இல்லாமல் எந்த மரண எண்ணும் அச்சேறக் கூடாது. சுகாதாரத் துறைகளும் சுருக்கப் பெயரை மட்டும் போட்டுக் குறிப்பு அனுப்புவதை நிறுத்த வேண்டும். இதழியல் மாணவர்களுக்கு இதை முதல் ஆண்டிலேயே கற்பிக்க வேண்டும்.

97 என்பது 2018–20-இல் நாட்டின் சராசரி. அப்போது கேரளத்தில் அது 19, தமிழகத்தில் 54, அசாமில் 195. அசாமுக்கு எத்தனை ரத்த வங்கி, எத்தனை மகப்பேறு மருத்துவர், எவ்வளவு பணம் என்று முடிவெடுக்கும் மேசைக்கு இந்த எண்கள்தான் போய்ச் சேருகின்றன.